மூட்டு வலி: ஓய்வா, அசைவா? – ஒரு வரலாற்றுப் பார்வை

 



மூலக்கொத்தளத்தில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவை ஒட்டிய பள்ளிவாசலில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஸஃப்பின் ஓரத்தில் ஓரிரு நாற்காலிகளே கிடந்தன. இன்று ஜும்ஆ நாளில் பார்த்தால், பின்வரிசை ஒன்று முழுவதும் நாற்காலிகளாகவே இருக்கிறது. அவற்றில் அமர்வோரில் பலர் துறைமுகத்திலும் சரக்குக் கிடங்குகளிலும் மூட்டை சுமந்து குடும்பத்தைக் காத்த பெரியவர்கள். சிலருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பள்ளிவாசலுக்கு வராத பெண்களின் நிலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. லாரித் தண்ணீரைக் குடம் குடமாய் மாடிக்கு ஏற்றியவர்களும், பல்லாண்டுகள் குந்தி அமர்ந்து துணி துவைத்து மீன் ஆய்ந்தவர்களும் இன்று வீட்டின் மூலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள்.

எம் பெரியம்மா அவர்களுள் ஒருவர். முழங்காலில் வலி தொடங்கியதும், "அசையாமல் படுத்திருங்கள், தேய்ந்த மூட்டு நடந்தால் இன்னும் தேயும்" என்று வீட்டார் அனைவரும் அன்போடு சொன்னோம். நாமும் சொன்னோம். அவரும் படுத்தார். ஓராண்டு கழிந்தபோது வலி குறையவில்லை. எழுந்து நிற்கும் வலிமைதான் போயிருந்தது. பிறர் துணையின்றிக் கழிப்பறைக்கும் செல்ல முடியாத நிலை. ஸஜ்தாவை இழந்தவர், பிறகு நிலையையும் இழந்தார்.

நாம் சொன்ன அறிவுரையில் எங்கே பிழை நேர்ந்தது என்று தேடியபோதுதான் ஒன்று தெரிந்தது. வலிக்கும் மூட்டுக்கு மருந்து ஓய்வா, அசைவா என்ற கேள்வி நம் வீட்டில் மட்டும் எழுந்ததன்று. மருத்துவ உலகமே நூறாண்டுகளுக்கு மேல் வாதிட்ட கேள்வி அது. அந்த வாதத்தின் வரலாற்றை அறிந்திருந்தால், பெரியம்மாவை நாம் படுக்கையில் கிடத்தியிருக்க மாட்டோம். பிற குடும்பங்களுக்காவது அது பயன்படட்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் முன்னோரின் ஏடுகளில்

உடலசைவை மருத்துவத்தின் ஒரு பகுதியாகக் கருதுவது நமக்குப் புதிதன்று. இப்னு ஸீனா (980–1037) அவர்களின் அல்கானூன் ஃபித் திப் என்னும் பெருநூலின் முதற்பாகத்திலேயே உடற்பயிற்சி பற்றியும், உடலைத் தேய்த்துப் பிடித்துவிடுதல் பற்றியும், நீராடல் பற்றியும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. பயிற்சி என்பதை அவர் விளக்கும் முறை கவனிக்கத்தக்கது. மனிதன் தன் விருப்பத்தால் செய்வதும், மூச்சை ஆழமாகவும் அடுத்தடுத்தும் வாங்கச் செய்வதுமான அசைவையே அவர் பயிற்சி என்கிறார். ஒருவர் படுத்திருக்க, இன்னொருவர் தேய்த்துவிடுவதை அவர் வேறாக வைத்துப் பேசுகிறார். வயது, வலிமை, உடல்நிலை ஆகியவற்றுக்கேற்பப் பயிற்சியின் அளவு மாற வேண்டும் என்பதும் அவர் கருத்து.

இந்நூல் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலைதோ நகரில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. நம் நாட்டில் அம்மரபு யூனானி மருத்துவமாக வாழ்கிறது. ராயபுரத்தில் இயங்கும் மண்டல யூனானி ஆராய்ச்சி நிலையம் நம் பகுதி மக்கள் பலருக்கும் பழக்கமான இடமே. ஆயினும் அந்த மரபிலிருந்து நம் வீடுகள் எடுத்துக்கொண்டது எண்ணெயையும் தேய்ப்பையும் மட்டும்தான். நோயாளி தானே செய்ய வேண்டிய பயிற்சியை நாம் விட்டுவிட்டோம்.

இன்னொரு துறைமுக நகரில்

ஓய்வே மருந்து என்ற கொள்கை வலுப்பெற்ற கதையும் ஒரு துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) என்ற மருத்துவர் வாழ்ந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பரம்பரையில் பிறந்து, பின்னர் முறையாக மருத்துவம் பயின்றவர். கப்பல்துறைத் தொழிலாளர்களும் ஏழைகளுமே அவரிடம் மிகுதியாக வந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு இலவசமாகவே மருத்துவம் பார்த்தார்.

அக்காலத்தில் காசநோய் முழங்காலையும் இடுப்பையும் தாக்கி மூட்டை அழித்துவந்தது. அதற்கு மருந்தே இல்லை. நோயுற்ற மூட்டைச் சிறிதும் அசையவிடாமல், இடைவிடாமல், நீண்டகாலம் ஓய்வில் வைக்க வேண்டும் என்று தாமஸ் கற்பித்தார். அதற்காக அவர் வடிவமைத்த இரும்புச் சட்டம் இன்றும் தாமஸ் சட்டம் என்றே அழைக்கப்படுகிறது. முதல் உலகப் போரில், தொடையெலும்பு முறிந்த எண்ணற்ற வீரர்களின் உயிரை அச்சட்டம் காத்தது.

ஆகவே ஓய்வுக் கொள்கை பிறந்த இடத்தில் அது நியாயமானதே. காசநோய் அரித்த மூட்டுக்கும், அப்போதுதான் முறிந்த எலும்புக்கும் அது பொருந்தியது. வயதாலும் உழைப்பாலும் உடல் எடையாலும் தேய்ந்த மூட்டுக்கும் அதையே பொருத்தியதில்தான் பிழை நேர்ந்தது.

அதே காலத்தில் பிரான்சில் ஜுஸ்த் லூக்கா ஷாம்பியோனியேர் (1843–1913) என்ற அறுவை மருத்துவர் இதற்கு நேர்மாறாகப் பேசினார். முறிந்த எலும்பையும் அளவோடு அசைத்தால்தான் தசையும் மூட்டும் இறுகாமல் இருக்கும் என்றார். அவருடைய பேச்சை அன்று பலர் ஏற்கவில்லை. சுவீடனிலோ, பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென ஓர் அரசு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். மருத்துவப் பயிற்சி என்பது அங்கே ஒரு தனிக் கல்வியாகவே வளர்ந்தது.

மானம் காக்கப் பிறந்த தொழில்

நம் சகோதரிகள் பலர் இயன்முறை மருத்துவரிடம், அதாவது பிசியோதெரபிஸ்டிடம், செல்லத் தயங்குவதற்குக் காரணம் வெட்கமே. பிறர் கை தம் காலில் படுவதை அவர்கள் விரும்புவதில்லை. அத்தயக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இத்தொழில் ஒரு முறைப்பட்ட தொழிலாக எப்படிப் பிறந்தது என்பதை அவர்கள் அறிந்தால் வியப்படைவார்கள்.

1890களில் இலண்டனில், உடல் பிடித்துவிடும் நிலையங்கள் என்ற பெயரில் தகாத தொழில் நடப்பதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. நேர்மையாக இப்பணியைச் செய்துவந்த செவிலியருக்கும் அது இழுக்கானது. அப்போது லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்னும் நான்கு பெண்கள் ஒன்றுகூடி, 1894ஆம் ஆண்டு பயிற்சி பெற்ற பெண்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். மருத்துவரின் ஆணையின்றி எவருக்கும் சிகிச்சை செய்வதில்லை. பொது இதழ்களில் விளம்பரம் செய்வதில்லை. மருத்துவர் தனியே கேட்டுக்கொண்டாலன்றி ஆண்களுக்குப் பொதுவான உடல் பிடிப்பு செய்வதில்லை. இவையே அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விதிகள். தேர்வு வைத்தார்கள், சான்றிதழ் தந்தார்கள். அச்சங்கம் 1920ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்றது. இன்று பிரித்தானிய இயன்முறை மருத்துவர்களின் பெருஞ்சங்கமாக இருப்பது அதுவே.

பெண்கள் தம் கண்ணியத்தைக் காக்க எழுப்பிய வேலியிலிருந்து வளர்ந்த தொழில் இது. இன்று நம் அரசு மருத்துவமனைகளின் இயன்முறை மருத்துவப் பிரிவுகளில் பெண்கள் பெருமளவில் பணியாற்றுகிறார்கள். பெண் மருத்துவரே வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. தாராளமாகக் கேட்கலாம். பெண் கிடைக்காத நிலையில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதை நம் மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரும்புக் காலணி

ஓய்வுக் கொள்கை மெல்ல ஆட்டங்கண்டது போர்களாலும் இளம்பிள்ளை வாதத்தாலும்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த எலிசபெத் கென்னி என்ற செவிலியர், இளம்பிள்ளை வாதத்தால் தளர்ந்த கால்களைக் கட்டுப் போட்டு அசையாமல் வைக்கும் வழக்கத்தை எதிர்த்தார். வெந்நீரில் தோய்த்த கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, தசைகளை மீண்டும் இயங்கக் கற்பித்தார். 1940இல் அமெரிக்கா சென்ற அவருடைய முறை அங்கே பரவியது. அவர் கூறிய காரணங்கள் அனைத்தும் சரியானவை அல்ல. ஆனால் கட்டி வைத்த கால் மேலும் மெலிகிறது என்று அவர் கண்டது உண்மை.

முழங்காலின் வரலாற்றில் பெருந்திருப்பம் இரண்டாம் உலகப் போரின்போது நேர்ந்தது. சிகாகோவிலிருந்த இராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டெலோர்ம் என்ற இளம் மருத்துவர் பணியாற்றினார். முழங்காலிலும் தொடையெலும்பிலும் அடிபட்ட வீரர்களால் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. காயம் ஆறியும் அவர்களால் நடக்க முடியவில்லை, ஏனெனில் தொடைத் தசை மெலிந்து போயிருந்தது. இளமையில் தாம் நோயுற்றுத் தேறியபோது எடை தூக்கி உடலை வலுவாக்கிக்கொண்டவர் டெலோர்ம். அதே முறையை வீரர்களுக்கும் பயன்படுத்தினார். பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டி, அதில் எடையை மாட்டி, முழங்காலை நீட்டச் செய்தார். எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். தசை திரும்ப வந்தது, நடையும் வந்தது. 1945ஆம் ஆண்டு இதை மருத்துவ இதழில் வெளியிட்டார். பின்னர் 1948இல், பத்துப் பத்தாக மூன்று சுற்றுகள் போதும் என்று முறையைச் சுருக்கினார்.

இன்று இயன்முறை மருத்துவர் ஒருவர் நம் தாயாரிடம், "பத்து முறை, மூன்று தடவை செய்யுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பும்போது, அந்தக் கணக்கு இவ்வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

நம் மண்ணில்

நம் நாட்டில் இக்கலை வேரூன்றியதும் இளம்பிள்ளை வாதத்தின் காரணமாகவே. பம்பாயில் அந்நோய் பரவியதை அடுத்து, 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் உருவானது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதில் முன்னின்றது. அங்கே டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். ஆனால் நிமிர்த்திய விரலை மீண்டும் இயக்கக் கற்றுத்தர ஆளில்லாவிட்டால் அறுவை வீணாகும். அதனால் அறுவையும் பயிற்சியும் அங்கே ஒன்றாகவே வளர்ந்தன. அதே கல்லூரியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அவருடைய முயற்சியால் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. தாம் நடக்க முடியாத ஒருவர், எத்தனையோ பேரை எழுப்பி நிற்க வைத்தார்.

நம் வடசென்னைக்கு வருவோம். பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மதிலின் மூலையில் இருந்த கொத்தளமே நம் ஊருக்குப் பெயர் தந்தது என்பர். அதற்கு அருகில், 1782இல் பஞ்சம் தலைவிரித்தாடியபோது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இருந்தது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஏழைகளுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, இன்று ஸ்டான்லி அரசு மருத்துவமனையாக நிற்கிறது. நம் பாட்டிமார் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய இடம், பின்னர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் கை நசுங்கிய தொழிலாளர்களுக்கு மறுவாழ்வு தரும் இடமாகவும் ஆனது. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே உருவாக்கிய கை அறுவை, மறுவாழ்வுத் துறை நாடெங்கும் பெயர் பெற்றது. கைக்குச் செய்யும் அதே பணியை முழங்காலுக்கும் செய்யும் இயன்முறை மருத்துவப் பிரிவு அவ்வளாகத்தில் இருக்கிறது. நம் தெருவிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள அந்த இடத்துக்குப் போகாமல், தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் எண்ணெய்க்கு நம்மவர் பணம் கட்டுவதுதான் வருத்தத்துக்குரியது.

முழங்கால் சொல்லும் தீர்ப்பு

அசைவின் பக்கம் தீர்ப்பு சாய்ந்ததற்கு அறிவியல் காரணம் என்ன? எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்த நாளங்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்தே அது உணவைப் பெறுகிறது. காலை மடக்கி நீட்டும்போது, பஞ்சை அழுத்தி விடுவதுபோல் அந்த நீர் உள்ளே சென்று வருகிறது. அசையாத மூட்டில் இது நின்றுபோகிறது. கனடாவின் டொரோண்டோ நகரில் ராபர்ட் சால்ட்டர் என்ற எலும்பு மருத்துவர், முயல்களின் முழங்காலில் சோதனை செய்து, அசையும் மூட்டில் குருத்தெலும்பின் காயம் நன்றாக ஆறுவதையும், கட்டி வைத்த மூட்டில் அவ்வாறு ஆறாததையும் காட்டினார்.

இரண்டாவது காரணம் தசை. தொடையின் முன்பக்கத் தசையே முழங்காலின் தாங்கி. அது வலுவாக இருந்தால், நடக்கும்போது வரும் அதிர்ச்சியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மெலிந்தால் அனைத்தும் மூட்டின் மீதே விழும். வலியால் நடக்காமலிருந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் வலி கூடும். எம் பெரியம்மாவுக்கு நேர்ந்தது இதுவே.

எடையும் கவனிக்கத்தக்கது. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக ஆய்வு கூறுகிறது.

விரைவான தீர்வை நாடுவோருக்கும் வரலாறு சில சொல்கிறது. தேய்ந்த முழங்காலுக்குள் சிறு துளை வழியே கருவியைச் செலுத்திச் சுத்தம் செய்யும் அறுவை ஒருகாலத்தில் பெருவழக்காக இருந்தது. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு உண்மையான அறுவை. சிலருக்குத் தோலில் கீறல் மட்டும். இரண்டாண்டுகள் கண்காணித்தும் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. 2020இல் 156 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களையும் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் வலியும் இயலாமையும் குறைவாக இருந்தது சிகிச்சைப் பயிற்சி பெற்றவர்களுக்கே.

இதனால் ஊசியும் அறுவையும் எவருக்கும் வேண்டா என்பது பொருளன்று. மூட்டு முற்றிலும் சிதைந்தவர்களுக்கு மாற்று மூட்டு அறுவை பெரும் வரம். அவர்களுக்கும் அறுவைக்குப் பின் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

நாற்காலி ஒரு சலுகை

இனித் தொழுகைக்கு வருவோம். நடப்பதற்கு முழங்கால் சற்றே மடங்கினால் போதும். படியேற இன்னும் சிறிது மடங்க வேண்டும். ஆனால் ஸஜ்தாவிலும் அத்தஹிய்யாத் இருப்பிலும் அது ஏறத்தாழ முழுமையாகவே மடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே மூட்டுத் தேய்மானம் நம் மக்களுக்கு முதலில் தொழுகையிலேயே தெரிகிறது.

இயலாதவருக்கு மார்க்கம் எளிமையையே தந்திருக்கிறது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது அமர்ந்து தொழுவித்திருக்கிறார்கள். எனவே நாற்காலியில் தொழும் பெரியவரை எவரும் இளக்காரமாகப் பார்க்கலாகாது. அவருடைய தொழுகை எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஆனால் சலுகை இயலாமையின் அளவுக்கே உரியது. நிற்க முடிந்து ஸஜ்தா மட்டும் செய்ய முடியாதவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி நிலையில் நின்றே ஆக வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவர் அமர்ந்து சைகையால் தொழுவதற்கு இடமுண்டு. தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் தம் நிலையை எடுத்துச் சொல்லிக் கேட்டுக்கொள்வதே முறை. நாம் இங்கே சொல்ல வருவது வேறு. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிவழி. உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்பதும் நபிவழியே. நாற்காலியை ஏற்றுக்கொண்ட நாம், அதற்கு முன் செய்திருக்க வேண்டிய மருத்துவத்தை ஏன் மறந்தோம்?

செய்யக் கூடியவை

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்கால் சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சலும் சேர்ந்தாலோ, கால் ஊன்றவே முடியாவிட்டாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் சிக்கிக்கொண்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ தாமதிக்காதீர்கள். அந்நிலையில் வீட்டுப் பயிற்சி கூடாது.

சாதாரணத் தேய்மானம் என்று மருத்துவர் சொன்னால், இயன்முறை மருத்துவரிடம் அனுப்பக் கேளுங்கள். அவர் பெரும்பாலும் எளியவற்றிலிருந்தே தொடங்குவார். காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது ஒன்று. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை மடக்காமல் ஒரு சாண் உயர்த்தி இறக்குவது மற்றொன்று. உயரமான இருக்கையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து அமர்வது மூன்றாவது. பயிற்சியின்போது சற்று வலிப்பது இயல்பு. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. தசை வளர மாதங்கள் ஆகும்.

வெளியே செல்ல இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். வீட்டில் முடங்கிக் கிடக்கும் நம் தாய்மார்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்கு மருத்துவம் செய்த ருஃபைதா (ரலி) அவர்களை வரலாறு பதிவு செய்திருக்கிறது. பள்ளிவாசலும் மருத்துவமும் அன்று ஒரே முற்றத்தில் இருந்தன. நாற்காலிகளை வாங்கித் தந்த நல்ல உள்ளங்கள், மாதம் ஒருமுறை மதரஸாக் கூடத்தில் ஓர் இயன்முறை மருத்துவரையும், பெண்களுக்குத் தனி நேரத்தில் ஒரு பெண் மருத்துவரையும் அழைத்துவர முன்வரலாகாதா? எம் மதரஸாவின் கூடம் அதற்குத் திறந்தே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

பெரியம்மாவின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். அவருடைய மகள் ஒருவழியாக அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஒரு பெண் மருத்துவர் பயிற்சிகளைக் கற்றுத்தந்தார். நான்கு மாதங்கள் ஆயின. ஸஜ்தா இன்னும் திரும்பவில்லை. அது திரும்பும் என்று மருத்துவரும் உறுதி கூறவில்லை. ஆனால் அவர் இப்போது தாமே எழுந்து உளூச் செய்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டேனும் நின்று தக்பீர் கட்டுகிறார். ஓராண்டு முன்னதாகவே அழைத்துச் சென்றிருந்தால் இன்னும் எவ்வளவு மீண்டிருக்குமோ என்ற வருத்தம் நமக்கு உண்டு. உங்கள் வீட்டில் அந்த வருத்தம் நேர வேண்டாம்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் நிறைவான நலத்தை அருள்வானாக. நம் பெற்றோரின் முழங்கால்களுக்கு வலிமையையும், அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.